நாகசாகி: இரண்டாவது குண்டைப் போடச் சொன்னது யார்?

பதிவு 1 | கரும்பலகை | ஞாயிறு, இரவு 9:40

வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தினேன். ஹிரோஷிமா ஆகஸ்ட் 6, நாகசாகி ஆகஸ்ட் 9 என்று எழுதி, அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, நடுவில் மூன்று நாள் இருக்கிறதே. அந்த மூன்று நாளில் ஜப்பானிடம் யாராவது கேட்டார்களா? மாட்டேன் என்று அவர்கள் சொன்னார்களா?"

"ஆமாம், சொன்னார்கள்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். அப்படி யாரும் சொன்னதாக நான் எங்கேயும் படித்ததில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருடமாக இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு வருகிறேன். இரட்டைக் குழந்தைகளுக்குப் பெயர் சொல்வதைப் போல. இரண்டாவதைத் தனியாக எடுத்துப் பார்த்ததே இல்லை என்பது அந்தப் பெண் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. ஹிரோஷிமாவுக்கு ஆயிரம் விவாதம் உண்டு. நாகசாகிக்கு? "இன்னொன்றையும் போடு" என்று யார் சொன்னார்கள், எந்த நாளில், எங்கே உட்கார்ந்து? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை காலை இரண்டாவது பீரியடில் அவள் முகத்தில் விழிக்க வேண்டும்.

பதிவு 2 | மணல்மேடு | ஞாயிறு, இரவு 9:58

இதில் குழம்ப என்ன இருக்கிறது ஐயா? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன்தான். ஒரு ஊர் அழிந்தும் ஜப்பான் பணியவில்லை, இன்னொன்றைப் போட்டார்கள், பணிந்தது. அதே 1945-இல் ஒகினாவா தீவைப் பிடிக்க ஏப்ரலில் இருந்து ஜூன் வரை சண்டை. அமெரிக்கர்களில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், ஜப்பானியப் படைவீரர்களும் தீவு மக்களும் அதைவிடப் பல மடங்கு. அடுத்ததாக நவம்பரில் கியூஷூ தீவில் இறங்கத் திட்டம் தயாராக இருந்தது. அது நடந்திருந்தால் செத்திருப்பவர்களின் கணக்கையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

பதிவு 3 | பழையகோப்பு | ஞாயிறு, இரவு 10:35

மணல்மேடு சொல்வதுதான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த கதை. முதல் குண்டு, காத்திருப்பு, பதில் இல்லை, கோபம், இரண்டாவது குண்டு. கோப்புகளைப் புரட்டினால் இந்த வரிசை அங்கே இல்லை.

இருப்பது ஒரே ஒரு உத்தரவு, தேதி 1945 ஜூலை 25. ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல் அப்போது ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்ததால், அவர் இடத்தில் பொறுப்பு வகித்த தாமஸ் ஹேண்டி கையெழுத்திட்டு விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானிலை இடம் கொடுத்ததும், ஹிரோஷிமா, கொகுரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின் மீது முதல் சிறப்புக் குண்டை, அதாவது அணுகுண்டை, போட வேண்டும். அதற்கு அடுத்த வரியைக் கவனியுங்கள்: மேற்கொண்டு குண்டுகள் தயாராகத் தயாராக, மற்ற இலக்குகளின் மீது போட வேண்டும்.

இவ்வளவுதான். இரண்டாவது குண்டுக்கென்று தனி உத்தரவு கிடையாது. "முதல் குண்டின் விளைவைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்ற சொல்லும் கிடையாது. ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிவிப்பு வெளியானது ஜூலை 26. உத்தரவு அதற்கு முந்தின நாளே எழுதப்பட்டுவிட்டது.

அந்த மூன்று நாளில் ட்ரூமன் என்ன செய்துகொண்டிருந்தார்? 6-ஆம் தேதி அட்லாண்டிக் நடுவே 'அகஸ்டா' கப்பலில் மாலுமிகளோடு மதியச் சாப்பாட்டில் இருந்தபோது ஹிரோஷிமா செய்தி வந்தது. 7-ஆம் தேதி வாஷிங்டன் திரும்பினார். நாகசாகி பற்றி அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய ஏற்பாடும் இல்லை.

தேதியை நிர்ணயித்தது வானிலைதான். இரண்டாவது குண்டுக்கு முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 11. பத்தாம் தேதியில் இருந்து ஐந்து நாள் மேகமூட்டம் இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தது. குண்டு விமானங்கள் புறப்படும் டினியன் தீவில் இருந்தவர்கள் இரவு பகலாக வேலை பார்த்து ஒன்பதாம் தேதிக்கே குண்டைத் தயாராக்கினார்கள். காத்திருப்பை நீட்டியிருக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நடந்தது காத்திருப்பைச் சுருக்கிய கதை, அதுவும் மழைக்கு முந்திக்கொள்வதற்காக.

இன்னொன்று. ஹிரோஷிமாவில் விழுந்தது அணுகுண்டுதானா என்று பார்த்துச் சொல்ல ஜப்பானின் இயற்பியலறிஞர் யோஷியோ நிஷினா அந்த ஊரை அடைந்ததே எட்டாம் தேதி. டோக்கியோவுக்கு உறுதியான தகவல் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது விமானம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது.

பதிவு 4 | மணல்மேடு | ஞாயிறு, இரவு 10:50

நல்ல தகவல், நன்றி. ஆனால் பழியைத் தூக்கி மேகத்தின் தலையில் போடுகிறீர்கள். உத்தரவு கொடுத்தவரால் அதை நிறுத்தவும் முடியும் அல்லவா? ஆறாம் தேதிக்குப் பிறகு ஒரு தந்தி அடித்தால் போதும். அடிக்கவில்லை. நிறுத்தாமல் விட்டதும் அவர் எடுத்த முடிவுதானே.

பதிவு 5 | பழையகோப்பு | ஞாயிறு, இரவு 11:02

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் நீங்கள் சொல்வது சரி, ட்ரூமனுடையதுதான். உட்கார்ந்து யோசித்தாரா என்று கேட்டால், யோசித்ததற்குத் தடயம் இல்லை. பொறுப்பும் யோசனையும் இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், அங்கேதான் நம் பாடப்புத்தகக் கதை வழுக்குகிறது. ஆசிரியர் ஐயாவின் மாணவி கேட்டது யோசனையைப் பற்றி.

பதிவு 6 | கப்பல்காரன் | திங்கள், அதிகாலை 1:15

வாட்ச் முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன். கப்பல் எஞ்சின் அறையில் இருபது வருடம். எங்கள் பிழைப்பே எரிபொருள் கணக்கு. அதனால் அந்த ஒன்பதாம் தேதிப் பறப்பை நான் வேறு கண்ணோடு படிப்பேன்.

விமானத்தின் பெயர் 'பாக்ஸ்கார்', ஓட்டியவர் சார்லஸ் ஸ்வீனி. புறப்படும் முன்பே கூடுதல் டாங்க் ஒன்றின் பம்ப் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிட்டது. சுமார் 2,400 லிட்டர் எரிபொருள் உள்ளே இருக்கிறது, ஆனால் எஞ்சினுக்கு வராது. எடுத்துக் கொட்டவும் முடியாது, அதன் எடையைச் சுமந்துகொண்டேதான் போக வேண்டும். எங்கள் கப்பலாக இருந்தால் துறைமுகத்தைவிட்டு நகரமாட்டோம். அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

யாகுஷிமா தீவின் மேலே படமெடுக்கும் விமானம் வந்து சேர வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்கலாம் என்பது ஏற்பாடு. அது வரவில்லை. முக்கால் மணி நேரம் போல வட்டமடித்தார்கள். பிறகு கொகுரா. இலக்கு அதுதான், நாகசாகி இல்லை! கொகுராவில் ராணுவத்தின் பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும், ராடாரை நம்பிப் போடக்கூடாது என்பது கட்டளை. மூன்று முறை நகரத்தின் மேலே பறந்தார்கள். மூன்று முறையும் கீழே புகையும் மூட்டமும். முந்தின நாள் பக்கத்து ஊரான யாவாட்டா மீது எரிகுண்டு வீசியிருந்தார்கள், அதன் புகை என்கிறார்கள் சிலர். சாதாரண மேகம் என்கிறார்கள் சிலர். யாவாட்டா எஃகு ஆலையில் வேலை பார்த்த ஒருவர், விமானம் வருகிறது என்று தெரிந்ததும் தாங்களே கரித்தாரை எரித்துப் புகை எழுப்பியதாகப் பல வருடம் கழித்துச் சொன்னார்.

கீழேயிருந்து பீரங்கி சுட ஆரம்பித்துவிட்டது, எரிபொருளும் இறங்கிக்கொண்டே போனது. நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் போல இருக்கும் நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கே ஒரே ஒரு முறை பறந்து பார்க்கத்தான் எரிபொருள். அங்கேயும் மேகம். ராடாரிலேயே போட்டுவிடலாம் என்று குண்டுக்குப் பொறுப்பான கடற்படை அதிகாரி ஆஷ்வொர்த் ஒப்புக்கொண்டார். கடைசி நொடிகளில் குண்டு எறிபவர் கெர்மிட் பீஹன் ஓர் இடைவெளி தெரிகிறது என்றார். அன்று அவருக்குப் பிறந்தநாள், 27 வயது முடிந்திருந்தது. மணி 11:02. குறிவைத்த நகர மையத்தில் இருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி, உரகாமி பள்ளத்தாக்கின் மேல் குண்டு வெடித்தது. விமானம் டினியனுக்குத் திரும்ப வழியில்லாமல் ஒகினாவாவில் இறங்கியது, இறங்கும்போதே எஞ்சின் ஒன்று நின்றுபோனது.

கொகுரா இப்போது கிட்டக்யூஷூ மாநகரின் ஒரு பகுதி. மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடம் கோட்டைக்குப் பக்கத்தில் கட்சுயாமா பூங்கா. முதல் முறை போனபோது ஒன்றும் தெரியாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடைச் சோற்றுருண்டை சாப்பிட்டேன். எதிரே புல்வெளியில் ஒரு பாட்டி பேரனுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். எழுந்து நடந்தபோதுதான் நாகசாகியின் பெயர் தாங்கிய மணியும் நினைவுக்கல்லும் கண்ணில் பட்டன. ஒவ்வொரு ஆகஸ்ட் 9-ஆம் தேதியும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள், தங்களுக்கு வந்ததை வாங்கிக்கொண்ட ஊருக்காக. திரும்பிப் போய் அந்தப் பாட்டியையும் பேரனையும் இன்னொரு முறை பார்த்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

பதிவு 7 | தேன்கூடு | திங்கள், காலை 6:20

கண்ணில் நீர் வந்துவிட்டது கப்பல்காரன் அண்ணா. கியோட்டோவும் பட்டியலில் இருந்தது, போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தேனிலவுக்குப் போன ஊர் என்பதால் காப்பாற்றினார் என்று படித்திருக்கிறேன். ஒரு தேனிலவு ஒரு நகரத்தைக் காப்பாற்றியதே!

பதிவு 8 | பழையகோப்பு | திங்கள், காலை 7:05

தேன்கூடு, அழகான கதை, ஆனால் தேனிலவுக்கு இடமில்லை. ஸ்டிம்சனுக்குத் திருமணம் ஆனது 1893-இல். கியோட்டோவுக்கு அவர் போனது 1926-இல். முப்பத்து மூன்று வருடம் கழித்து யார் தேனிலவு போவார்கள்?

மற்றது உண்மை. அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் கியோட்டோவைத்தான் விடாப்பிடியாகக் கேட்டார். ஸ்டிம்சன் அதைவிட விடாப்பிடியாக மறுத்து, ட்ரூமனிடமே போய் அதை எடுக்கவைத்தார். பண்பாட்டுத் தலைநகரை எரித்தால் ஜப்பானியர்கள் போருக்குப் பிறகு ரஷ்யர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. காலியான இடத்துக்கு ஜூலை கடைசியில் வந்து சேர்ந்தது நாகசாகி. வரைவு உத்தரவில் அந்தப் பெயர் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மலைகளும் பள்ளத்தாக்குகளுமாக இருக்கும் ஊர், குண்டின் விளைவை அளக்க வசதியில்லாத ஊர், ஏற்கனவே சாதாரணக் குண்டு பட்ட ஊர். விமானப்படைக்காரர்களே அதை நல்ல இலக்காக நினைக்கவில்லை.

பதிவு 9 | எதிர்க்கேள்வி | திங்கள், காலை 8:30

எல்லோரும் ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். முதல் குண்டு யுரேனியம், இரண்டாவது புளூட்டோனியம். இரண்டு வகை செய்தார்கள், இரண்டையும் மனிதர்கள் மேல் சோதித்துப் பார்த்தார்கள். மேகமும் பம்பும் சும்மா கதை. ஐன்ஸ்டைனும் ஓப்பன்ஹைமரும் செய்து கொடுத்த இரண்டு பொம்மைகளையும் இயக்கிப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

பதிவு 10 | காமா | திங்கள், காலை 10:10

நான் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவு கணக்கிடும் இயற்பியலாளர். எதிர்க்கேள்வியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஏன் இரண்டு வகை என்பதற்கு வேறு காரணம் உண்டு. பழையகோப்பு சொன்ன "தயாராகத் தயாராக" என்ற சொல்லுக்கும் அதில்தான் விளக்கம்.

முதலில் ஐன்ஸ்டைன். 1939 ஆகஸ்டில் அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு இயற்பியலாளர் சிலார்ட் எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டார். அதோடு சரி. குண்டு வேலையில் அவரைச் சேர்க்கவே இல்லை, பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. சிலார்ட் 1945 ஜூலையில், ஜப்பான் மீது போட வேண்டாம் என்று எழுபது அறிவியலாளர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினார். அது ட்ரூமன் கைக்குப் போகவில்லை.

இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 நூற்றுக்குச் சுமார் 0.7 பங்குதான். டெனசி மாநில ஓக் ரிட்ஜில் பெரிய ஊரையே கட்டி அதைப் பிரித்தெடுத்தார்கள். மின்காந்தச் சுருளுக்குத் தாமிரம் போதாமல் அமெரிக்கக் கருவூலத்தில் இருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியாக இழுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்தது சுமார் 64 கிலோ. ஒரே ஒரு குண்டுக்குத்தான் வந்தது. பீரங்கிக் குழாய்க்குள் ஒரு துண்டை இன்னொரு துண்டின் மேல் சுடுவதுதான் அதன் பொறிமுறை. அது வேலை செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாததால் சோதிக்காமலே ஹிரோஷிமாவுக்குக் கொண்டுபோனார்கள்.

புளூட்டோனியம் வேறு வழி. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்ட் அணு உலைகளில் அது விளைந்தது. நெல் அறுப்பதைப் போல, ஓர் அறுவடை முடிந்தால் அடுத்தது வரும். அதையும் குழாயில் வைத்துச் சுட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். 1944-இல் இயற்பியலாளர் செக்ரேயின் குழு அளந்து பார்த்தபோது, உலையில் விளைந்த புளூட்டோனியம் தானாகவே நியூட்ரானைக் கக்குகிறது, குழாயில் இரண்டு துண்டும் சேர்வதற்குள் முன்கூட்டியே பொசுங்கிவிடும் என்று தெரிந்தது. குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தையே தலைகீழாக மாற்றி, நாலாபுறமும் வெடிமருந்து வைத்துக் கோளத்தை உள்நோக்கி நசுக்கும் முறைக்குப் போனார்கள். இது வேலை செய்யுமா என்பதில் சந்தேகம் இருந்ததால்தான் ஜூலை 16 அதிகாலை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் டிரினிட்டி சோதனை.

ஆக, யுரேனியக் குண்டு இனி பல மாதங்களுக்கு வராது. புளூட்டோனியம் தொழிற்சாலையில் இருந்து வந்துகொண்டே இருக்கும். சுமார் 1,30,000 பேர், 200 கோடி டாலர். சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது. கையை வைத்து அதை நிறுத்துவது யார் வேலை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. சோதித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு இருந்திருக்கலாம். ஆசையே இல்லாதிருந்தாலும் ஒன்பதாம் தேதி நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

பதிவு 11 | எதிர்க்கேள்வி | திங்கள், காலை 10:31

ஐன்ஸ்டைன் விஷயத்தில் தவறு என்னுடையது. மற்றதை விடமாட்டேன். போருக்குப் பிறகு 1947-இல் அமெரிக்கர்கள் ஆய்வுக் குழு அமைத்து உயிர் பிழைத்தவர்களைப் பரிசோதித்தார்கள், ஆனால் சிகிச்சை தரவில்லை. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனை எலி இல்லாமல் வேறென்ன?

பதிவு 12 | காமா | திங்கள், மதியம் 1:40

அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அது நியாயமான குற்றச்சாட்டு. அதே ஆய்வு 1975 முதல் இரு நாட்டு அமைப்பாக மாறி இன்றும் தொடர்கிறது. நான் தினமும் பயன்படுத்தும் பாதுகாப்பு வரம்புகளுக்கு அடிப்படை அந்த மனிதர்களின் ரத்தம்தான். எக்ஸ்ரே அறைக்கு வெளியே கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

ஆசிரியர் ஐயா வகுப்பில் சொல்ல உதவும் என்பதால் விளைவுகளையும் எழுதிவிடுகிறேன். குண்டின் சக்தியில் ஏறத்தாழ பாதி காற்றதிர்ச்சி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெப்பம், மிச்சம் கதிர்வீச்சு. அதனால் முதல் நாள் செத்தவர்களில் பெரும்பாலோர் கதிர்வீச்சால் சாகவில்லை. எரிந்தும், நசுங்கியும், இடிபாட்டுக்குள் தீயில் மாட்டியும் இறந்தார்கள்.

பிறகு வந்ததுதான் மருத்துவர்களைக் கலங்கடித்தது. ஒரு காயமும் இல்லாமல் தப்பித்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கையோடு வரும். ஈறில் ரத்தம் கசியும். தோலில் ஊதாப் புள்ளிகள். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தியிருக்கும். ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் நிலவறையில் பத்திரமாக வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் எல்லாம் புகை படிந்ததைப் போலக் கறுத்திருந்ததைப் பார்த்துத்தான், விழுந்தது என்ன வகைக் குண்டு என்பதை மருத்துவர் ஷிகெட்டோ ஊகித்தார்.

என் வேலையில் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 2 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்போம், கட்டி இருக்கும் சிறு இடத்துக்கு மட்டும், மில்லிமீட்டர் பிசகாமல், பல வாரம் பிரித்து. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு மருத்துவ உதவியும் இல்லையென்றால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். நாகசாகியில் அந்த உதவியும் இல்லை. மருத்துவக் கல்லூரியே வெடிப்பின் மையத்தில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தது. அங்கே கதிரியக்கத் துறையில் இருந்த மருத்துவர் தகாஷி நகாய், தொழிலால் வந்த ரத்தப் புற்றுநோயோடு ஏற்கனவே போராடிக்கொண்டிருந்தவர். தலையில் காயத்தோடு மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனபோது மனைவியின் எலும்புகளையும் ஜெபமாலையின் மிச்சத்தையும் கண்டெடுத்தார். 1951 வரை உயிரோடு இருந்தார்.

லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் இரண்டு மூன்று வருடத்தில் தலைதூக்கி, ஆறு முதல் எட்டு வருடத்தில் உச்சத்துக்குப் போனது. மற்றப் புற்றுநோய்கள் பத்து வருடம் கழித்து. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் மரபுவழிக் கோளாறு கூடியிருப்பதாக ஆய்வுகளில் இதுவரை தெரியவரவில்லை. இதை அழுத்திச் சொல்லுங்கள் ஐயா. "குண்டு பட்ட குடும்பம்" என்று பெண் கொடுக்காமல் பெண் எடுக்காமல் ஒதுக்கிவைத்தது அந்த நாட்டிலேயே நடந்தது.

பதிவு 13 | தேன்கூடு | திங்கள், மதியம் 2:05

அங்கே இன்றும் புல் முளைப்பதில்லை என்பார்களே?

பதிவு 14 | காமா | திங்கள், மதியம் 2:12

முளைக்கிறது. 75 வருடம் ஒன்றும் முளைக்காது என்று அப்போதே வதந்தி பரவியது. இரண்டு குண்டுகளும் தரையில் இல்லாமல் சுமார் 500, 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் மண்ணில் தங்கிய கதிரியக்கம் ஒப்பளவில் குறைவு, வேகமாகக் குறைந்தும் போனது. வெடிப்புக்குப் பிறகு கரியும் கதிரியக்கமும் கலந்து கறுப்பு மழை பெய்த இடங்கள் தனிக் கதை. அங்கே நனைந்தவர்கள் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறி, 2021-இல்தான் ஹிரோஷிமா உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்.

பதிவு 15 | கப்பல்காரன் | திங்கள், மதியம் 3:30

புல் என்ன, மரமே முளைத்தது. நாகசாகியில் சன்னோ என்று ஒரு ஷிண்டோ கோவில், வெடிப்பு மையத்தில் இருந்து 800 மீட்டர். படியேறும் வழியில் கல்லால் ஆன நுழைவாயில், நம் ஊர்த் தோரணவாயில் போல. பாதி விழுந்துவிட்டது. மீதிப் பாதி ஒற்றைத் தூணில், மேலே பாதி விட்டத்தைச் சுமந்தபடி அப்படியே நிற்கிறது. விழுந்த துண்டுகளைப் பக்கத்திலேயே கிடத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் வீடுகள், கொடியில் துணி காய்கிறது, யாரோ பிரஷர் குக்கரோ ஏதோ வைத்திருக்கிறார்கள், மணம் வருகிறது. இன்னும் கொஞ்சம் மேலே இரண்டு கற்பூர மரங்கள். கருகி மொட்டையாக நின்றவை. இப்போது நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது, நிழலில் தரையே தெரியவில்லை.

பதிவு 16 | மட்டுறுத்துநர் | திங்கள், மாலை 4:00

எரிந்த உடல்களின் படங்களை இணைத்திருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ஓர் ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கேட்ட இழை இது. எழுத்திலேயே சொல்லுங்கள், போதும்.

பதிவு 17 | ஆழிசூழ் | திங்கள், மாலை 5:20

"ஜப்பானியர்கள்" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். செத்தவர்களில் வேலைக்காகவும் கட்டாயத்தின் பேரிலும் கொண்டுவரப்பட்ட பல்லாயிரம் கொரியர்கள் உண்டு. நாகசாகியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளும் இருந்தார்கள். கொரியர்களுக்கான நினைவுச்சின்னம் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் வேலிக்கு வெளியேதான் பல வருடம் நின்றது. 1999-இல்தான் உள்ளே இடம் கிடைத்தது. நாகசாகியில் உரகாமி, இரண்டரை நூற்றாண்டு ஒளிந்து மதத்தைக் காப்பாற்றிய கத்தோலிக்கர்களின் இடம். சுமார் 12,000 பேரில் 8,500 பேர் போனார்கள். தேவாலயத்தில் அந்த நேரத்தில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது.

பதிவு 18 | மணல்மேடு | திங்கள், மாலை 6:45

மதியம் முழுக்கப் படித்தேன். என் பக்கத்துக்கே இடிக்கும் ஒன்றை நானே எழுதுகிறேன், வேறு யாராவது எழுதிக் குத்திக்காட்டுவதற்குள்.

ஒன்பதாம் தேதி காலை டோக்கியோவில், போரை நடத்திய உயர் போர்க்குழுவின் ஆறு பேர் கூடினார்கள். நள்ளிரவு தாண்டியதுமே சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தது. சமாதானத்துக்கு ஸ்டாலினை நடுவராகப் பிடிக்கலாம் என்ற அவர்கள் கடைசி நம்பிக்கையும் அத்தோடு போனது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நாகசாகி செய்தி வந்தது. வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று. சுசுகி, தோகோ, யோனாய் உடனே சரணடையலாம் என்ற பக்கம். அனாமி, உமெசு, தொயோதா கூடுதல் நிபந்தனைகள் வேண்டும் என்ற பக்கம். ஒருவர்கூட மனம் மாறவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு பேரரசர் ஹிரோஹிட்டோ தலையிட்டுத்தான் முடிச்சு அவிழ்ந்தது.

ஆகஸ்ட் 15 வானொலி உரையில் அவர் கொடிய புதுக் குண்டைச் சொல்கிறார். இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்கு விடுத்த அறிக்கையில் சோவியத்தைச் சொல்கிறார், குண்டைச் சொல்லவில்லை. யாரிடம் எது செல்லுபடியாகும் என்று பார்த்துப் பேசியிருக்கிறார்.

முதல் குண்டு இல்லாமல் போர் ஆகஸ்டில் முடிந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டாவதைப் பற்றி அப்படி அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. 1945 இறுதிக்குள் என்று எடுக்கும் கணக்குப்படி ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் சுமார் 74,000 பேர். அந்த 74,000 பேருக்கு நேற்றிரவு என்னிடம் ஒரு வரிப் பதில் இருந்தது.

பதிவு 19 | கரும்பலகை | திங்கள், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. பழையகோப்பும் கப்பல்காரனும் எழுதியதை வைத்து இன்று சொன்னேன். ஜப்பானிடம் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை, தனி உத்தரவும் இல்லை, மேகம் வரும் என்று நாளை முன்னே தள்ளினார்கள் என்றேன். வகுப்பு சத்தமில்லாமல் கேட்டது. கொகுராவின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன், பாடத்தில் இல்லாத பெயர்.

அந்தப் பெண் யோசித்துவிட்டு மறுபடி எழுந்தாள். "தயாராகத் தயாராகப் போடு என்று எழுதியிருந்தால், மூன்றாவது குண்டு என்ன ஆயிற்று?"

மணி அடித்துவிட்டது. மணிக்கு நான் இவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

பதிவு 20 | பழையகோப்பு | திங்கள், இரவு 9:15

அவளை வரலாறு படிக்க அனுப்புங்கள் ஐயா.

மூன்றாவது இருந்தது. ஆகஸ்ட் 10 அன்று குரோவ்ஸ், மார்ஷலுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அடுத்த புளூட்டோனியக் குண்டு 17 அல்லது 18-ஆம் தேதிக்குப் பிறகு வானிலை சரியான முதல் நாளில் போடத் தயாராக இருக்கும் என்று. அதே தாளில் மார்ஷல் தன் கையால் எழுதினார்: குடியரசுத் தலைவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இதை ஜப்பான் மீது போடக்கூடாது. அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தில், இன்னும் ஒரு லட்சம் பேரைத் துடைத்தெறிவதை நினைக்கவே முடியவில்லை, அத்தனை குழந்தைகள் என்று ட்ரூமன் சொன்னதாக வணிகத்துறைச் செயலர் வாலஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மணல்மேடு கேட்டாரே, நிறுத்தும் தந்தி ஏன் வரவில்லை என்று. வந்தது, நாகசாகிக்கு மறுநாள்.

பதிவு 21 | தேன்கூடு | திங்கள், இரவு 9:22

அந்தக் குண்டு பிறகு எங்கே போனது?

பதிவு 22 | காமா | திங்கள், இரவு 9:50

அதன் கரு லாஸ் அலமோஸைவிட்டு வெளியே போகவில்லை. 6.2 கிலோ புளூட்டோனியம், பெரிய சாத்துக்குடி அளவு. ஆகஸ்ட் 21 இரவு ஹாரி டாக்லியன் என்ற இளம் இயற்பியலாளர் தனியாக அதைச் சுற்றிக் கனமான கட்டிகளை அடுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டி கை நழுவி அதன் மேல் விழுந்தது. 25 நாளில் இறந்தார். அடுத்த ஆண்டு மே 21 அன்று அதே கோளத்தோடு லூயிஸ் ஸ்லாட்டின் சோதனை செய்துகாட்டினார். மேல் மூடியை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியில் தாங்கிப் பிடித்திருந்தார். அது வழுக்கியது. ஒன்பது நாளில் இறந்தார். இருவருக்கும் நேர்ந்தது, நாகசாகியில் காயமில்லாமல் தப்பித்தவர்களுக்கு நேர்ந்ததுதான்.

பிறகு அதை உருக்கி, வேறு குண்டுகளின் கருவில் சேர்த்துவிட்டார்கள்.